கேட்டரிங் படிப்பு: அடுப்பைவிடத் தராசுக்கு வேலை அதிகம்

“சமையலில் ஆர்வம் இருக்கிறது. உணவகம், கேட்டரிங் மேலாண்மையைக் கல்லூரியில் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். அங்கே உண்மையில் என்ன சொல்லித் தருவார்கள்? எதில் மாணவர்கள் சறுக்குகிறார்கள்? சேர்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?” இதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமைக்கக் கற்றுக்கொள்வது இந்தப் படிப்பில் ஒரு பங்குதான், அதுவும் பெரிய பங்கு அல்ல. மீதி எல்லாம் அளவு. எத்தனை கிலோ வாங்குவது, அதில் எத்தனை கிலோ தட்டுக்கு வந்து சேரும், சமைத்ததை எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைக்கலாம், எத்தனை பேரை வேலைக்குப் போடுவது, மாதக் கடைசியில் கல்லாவில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ருசியாகச் சமைக்கும் ஒருவர் உணவகம் தொடங்கி மூட நேர்ந்தால், காரணம் பெரும்பாலும் இந்த அளவுகளில்தான் இருக்கும். ஆர்வம் சமையலில் மட்டும் இருந்து கணக்கைத் தொட மனமில்லை என்றால், சமையற்கலைக்கென்றே இருக்கும் சான்றிதழ் படிப்பு உங்களுக்குப் பொருத்தம். இரண்டிலும் மனம் போகிறது என்றால் மேலே படியுங்கள்.

இந்தப் படிப்புக்கு இரண்டு வேர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893-இல் தொடங்கிய ஹோட்டல் பள்ளி, விருந்தினரைக் கவனிக்கும் வேலையை முறைப்படி பழக்குவதற்காக வந்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-இல் ஹோட்டல் நிர்வாகத்தைப் பட்டப்படிப்பாக எடுத்துக்கொண்டபோது கணக்கியலும் நிர்வாகமும் சேர்ந்துகொண்டன. இன்று எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் இந்த இரண்டும் கலந்திருக்கும். ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் வரும் படிப்பில் ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) எல்லாம் சேரும். உணவகம், கேட்டரிங் என்று குறுக்கிய படிப்பில் அவை குறைந்து, சமையலறை, பரிமாறுதல், சரக்கு, செலவுக் கணக்கு, சுகாதாரம், விருந்து ஏற்பாடு ஆகியவை ஆழமாக வரும். சேர்வதற்கு முன் பாடப்பட்டியலை வாங்கி, எது எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முதலாண்டுச் சமையலறையில் கத்தி பிடிப்பது, வெட்டு வகைகள், ஸ்டாக் (எலும்பையோ காயையோ வேகவைத்து எடுக்கும் சாறு), சாஸ் என்று போகும். ஜூலியன் என்றால் 3 மில்லிமீட்டர் தடிமனில் 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளம். ப்ரூனுவாஸ் என்றால் 3 மில்லிமீட்டர் கனசதுரம். இவ்வளவு துல்லியம் அழகுக்காக மட்டும் அல்ல. ஒரே அளவில் வெட்டினால்தான் ஒரே நேரத்தில் வேகும். இல்லாவிட்டால் பாதி குழைந்து பாதி கடிபடும். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்கோஃபியே (1846–1935) வகுத்த பிரிகேட் முறையையும் அப்போதே படிப்பீர்கள்: சாஸுக்கு ஒருவர், வறுப்பதற்கு ஒருவர், குளிர்ந்த பண்டங்களுக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்து, எல்லாரும் ஒரே தலைமைச் சமையற்காரரின் குரலுக்குக் கட்டுப்படுவது. சின்ன உணவகத்தில் இரண்டு பேர்தான் இருப்பார்கள், ஆனாலும் பொறுப்பைப் பிரிக்கும் பழக்கம் அங்கேயும் உதவும்.

இதெல்லாம் கையோடு வந்துவிடும். உண்மையில் கஷ்டமானது, ஆனால் பலர் அலட்சியமாகக் கடந்துபோவது, ரெசிபி கார்டு.

அந்தக் கார்டில் எழுதும் ஸ்டாண்டர்ட் ரெசிபி என்பது சமையல் குறிப்பு அல்ல, ஒரு நிறுவனத்தின் ஆவணம். அதில் எத்தனை போர்ஷன் (ஒருவருக்கான பங்கு), ஒரு போர்ஷன் எத்தனை கிராம், ஒவ்வொரு பொருளும் எடையில் எவ்வளவு, எந்தப் பாத்திரம், எத்தனை நிமிடம், உள்வெப்பம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு நேரம் சூடாக வைக்கலாம், எந்த ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது, தட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு படம், இத்தனையும் இருக்க வேண்டும். கைப்பக்குவம் பெரிய செல்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மனிதரோடு இருக்கிறது. அவர் வராத நாளில் அதுவும் வருவதில்லை. கார்டு இருந்தால் சரக்கு வாங்குபவர், விலை போடுபவர், புதிதாகச் சேர்ந்த சமையற்காரர், ஒவ்வாமை பற்றிக் கேட்கும் விருந்தினருக்குப் பதில் சொல்லும் பரிமாறுபவர் எல்லாரும் ஒரே தாளைப் பார்க்கலாம்.

கார்டு எழுதும்போது வரும் முதல் பிழை மிகச் சிறியதாகத் தெரியும். “வெங்காயம் 4.5 கிலோ” என்று எழுதிவிடுவார்கள். உரிக்காத வெங்காயமா, உரித்து நறுக்கியதா? இரண்டும் ஒன்றல்ல. வாங்கிய எடைக்கும் பயன்படும் எடைக்கும் உள்ள விகிதத்தை யீல்டு என்பார்கள். 10 கிலோ வெங்காயத்தை உரித்து, நுனியும் வேரும் நீக்கினால் ஏறக்குறைய 9 கிலோ தேறும், அதாவது யீல்டு 90 சதவீதம். முழு மீனில் தலை, முள், தோல் போய் ஃபில்லெட் (வெறும் சதைத் துண்டு) எடுத்தால் பல வகைகளில் 40 முதல் 50 சதவீதம்தான் மிஞ்சும்.

இங்கேதான் ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 50 பேருக்கு ஆளுக்கு 180 கிராம் ஃபில்லெட். மொத்தம் 9 கிலோ. மீனின் யீல்டு 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், 55 சதவீதம் கழிவு, அதனால் 9 கிலோவோடு அதன் 55 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று 13.95 கிலோ ஆர்டர் போடுகிறார்கள். அந்த மீனைச் சுத்தம் செய்தால் கிடைப்பது 6.28 கிலோ, அதாவது 34 போர்ஷன். மேஜையில் 16 பேருக்கு மீன் இல்லை. தவறு எங்கே? கழிவு சதவீதம் வாங்கிய எடையின் மீது கணக்கிடப்பட்டது, தேவையான எடையின் மீது அல்ல. அதனால் கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 9 ÷ 0.45 = 20 கிலோ. அந்த 4.5 கிலோ வெங்காயத்தில் இதே பிழையைச் செய்தால் வித்தியாசம் 50 கிராம்தான், யார் கண்ணிலும் படாது. அதனாலேயே தவறான முறை பழகிப்போகிறது, யீல்டு குறைவான பொருள் வரும் நாளில் கையைக் கடிக்கிறது.

விலையும் இப்படித்தான். முழு மீன் கிலோ 90 என்றால் ஃபில்லெட்டின் உண்மையான விலை 90 ÷ 0.45 = 200. சுத்தம் செய்த ஃபில்லெட்டை ஒருவர் கிலோ 185-க்குத் தருகிறார் என்றால், பார்வைக்கு இரண்டு மடங்கு விலை. கணக்கில் அதுதான் மலிவு, சுத்தம் செய்யும் ஆள்கூலியும் மிச்சம். ஆனால் தலையையும் முள்ளையும் ஸ்டாக்குக்குப் பயன்படுத்தும் சமையலறை என்றால் அந்த மதிப்பையும் கழித்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் யீல்டு டெஸ்ட் என்று ஒரு நாள் செய்முறை வைப்பார்கள். அதை ஒரு நாள் சடங்காக விட்டுவிடாமல், கையில் கிடைக்கும் ஒவ்வொரு காய்க்கும் இறைச்சிக்கும் செய்து நோட்டில் எழுதி வையுங்கள். புத்தகத்தில் உள்ள எண் யாரோ ஒருவர் எங்கோ செய்தது. வெட்டுபவரின் கை மாறினாலும் பருவம் மாறினாலும் எண் மாறும்.

அடுத்து, அளவைப் பெருக்குவது. 10 பேருக்கான கார்டை 200 பேருக்கு மாற்ற எல்லாவற்றையும் 20-ஆல் பெருக்கினால் போதும் என்று தோன்றும். திடப்பொருள்களுக்குச் சரி. தண்ணீருக்குச் சரிவராது. நீர் ஆவியாவது மேற்பரப்பில். அதே வடிவப் பாத்திரம் கொள்ளளவில் 20 மடங்கு பெரிதானால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 7 மடங்குதான் பெரிதாகும். ஆக, ஒப்பீட்டளவில் நீர் மிகக் குறைவாகவே வற்றும். 20 மடங்கு நீர் ஊற்றினால் குழம்பு நீர்த்துப்போகும், அதை வற்ற வைக்கிறேன் என்று கொதிக்க விட்டால் காய் கரைந்துவிடும். தண்ணீரைக் குறைத்துத் தொடங்கி, தேவைக்குச் சேர்ப்பதே வழி. உப்பையும் காரத்தையும் கணக்கிட்டதில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். வதக்குவதை ஒரே பாத்திரத்தில் குவித்தால் அது வதங்காது, தன் நீரிலேயே வேகும். நிறமும் மணமும் வராது. பாகம் பாகமாகத்தான் வதக்க வேண்டும். ஒருமுறை சரியாக வந்துவிட்டால் அந்த அளவுகளை 200 பேருக்கான தனிக் கார்டாகவே எழுதி வைத்துவிடுங்கள். மறுபடி பெருக்க வேண்டியதில்லை.

போர்ஷன் கட்டுப்பாடு என்றால் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. சூப் 150 மில்லிலிட்டர் வீதம் 200 பேருக்கு 30 லிட்டர் தயார். பரிமாறுபவர் தாராளமாகக் கரண்டிக்கு 165 மில்லிலிட்டர் ஊற்றுகிறார். 181-ஆவது ஆளோடு அண்டா காலி. பின்னால் நின்ற 19 பேருக்கு அது தாராளம் இல்லை. அதனால்தான் கொள்ளளவு பொறித்த கரண்டி, ஸ்கூப், மேஜைத் தராசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியைக் கார்டிலேயே குறிப்பிடச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சேர்ந்து ஃபுட் காஸ்ட், அதாவது விற்பனையில் உணவுப்பொருள் செலவு எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கும். கணக்கு எளிது. மாதத் தொடக்கத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கு 400, வாங்கியது 1,600, மாதக் கடைசியில் எண்ணியபோது இருந்தது 350 என்றால், செலவானது 1,650. அதில் ஊழியர் சாப்பாடு 90 போனால் 1,560. விற்பனை 5,000. ஃபுட் காஸ்ட் 31.2 சதவீதம். இத்தோடு நிறுத்திக்கொள்பவர் கணக்குப்பிள்ளை. மேலாளர் இன்னொரு எண்ணையும் எடுக்க வேண்டும்: எந்தப் பண்டம் எத்தனை விற்றது என்பதைக் கார்டில் உள்ள செலவோடு பெருக்கிக் கூட்டினால் என்ன வந்திருக்க வேண்டும்? அது 1,450, அதாவது 29 சதவீதம் என்று வைப்போம். இடையில் 110 காணவில்லை. அந்த 110-ஐத் தேடுவதுதான் வேலை. சரக்கு இறக்கும்போது எடை போடவில்லையா? கரண்டி பெரிதாகிவிட்டதா? ஃபிரிட்ஜின் பின்வரிசையில் பழைய சரக்கு கெட்டு, முன்வரிசையில் புதியதை எடுத்தார்களா? பில் போடாமல் தட்டு வெளியே போயிற்றா? அநேகமாக இந்த நான்கில் ஒன்று. சரக்கு எண்ணுவது சலிப்பான வேலைதான். ஆனால் “ஏறக்குறைய இரண்டு மூட்டை” என்று எழுதிய மாதத்தின் கணக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சதவீதத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒரு பண்டம் 100-க்கு விற்கிறது, பொருள் செலவு 25. இன்னொன்று 200-க்கு விற்கிறது, செலவு 80. முதலாவது 25 சதவீதம், இரண்டாவது 40 சதவீதம். முதலாவதே மேல் என்று தேர்வில் எழுதுபவர்கள் நிறைய. ஆனால் முதலாவது தட்டு 75 தருகிறது, இரண்டாவது 120 தருகிறது. வாடகையும் சம்பளமும் கொடுப்பது அந்த 75-உம் 120-உம்தான், சதவீதம் அல்ல. மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982-இல் முன்வைத்த மெனு எஞ்சினியரிங் முறை இதை மையமாக வைத்தது. ஒவ்வொரு பண்டமும் எவ்வளவு விற்கிறது, ஒரு தட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற இரண்டை வைத்து நான்கு கூடுகளாகப் பிரிக்கும். விற்பனைக்கு எல்லைக்கோடு, சம பங்கின் 70 சதவீதம்: மெனுவில் 10 பண்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம், அதில் 70 சதவீதம், அதாவது மொத்த விற்பனையில் 7 சதவீதத்துக்கு மேல் போனால் பிரபலம். மிச்சத்துக்கு எல்லைக்கோடு எல்லாப் பண்டங்களின் சராசரி. நன்றாக விற்று, குறைவாக மிஞ்சும் பண்டத்தின் விலையைத் தடாலடியாக ஏற்றாமல் போர்ஷனையோ பக்கப் பண்டத்தையோ சரிசெய்து பார்ப்பார்கள். நன்றாக மிஞ்சியும் விற்காத பண்டத்துக்குப் பெயரும் மெனுவில் இடமும் மாற்றிப் பார்ப்பார்கள். வகைகளை வெவ்வேறாக வைத்துச் செய்ய வேண்டும். சூப்பையும் முதன்மை உணவையும் ஒரே பட்டியலில் போட்டால் சூப் எப்போதும் தோற்கும்.

பிரேக் ஈவன் கணக்கு ஒரே வரி. மாத நிலைச்செலவு 60,000, மாறும் செலவு விற்பனையில் 40 சதவீதம் என்றால் 60,000 ÷ 0.60 = 1,00,000 விற்றால் நட்டமில்லை. ஒரு ஆள் சராசரியாக 50 செலவழித்தால் 2,000 பேர், 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 80 பேர். இடத்தில் 30 நாற்காலிதான் போட முடியும் என்றால் ஒவ்வொரு நாற்காலியிலும் நாளுக்கு 2.7 பேர் உட்கார வேண்டும். அது நடக்கிற காரியமா என்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துவிடும்.

சுகாதாரப் பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வில் கக்கிவிட்டுப் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மற்ற பாடத்தில் தவறினால் பணம் போகும், இதில் தவறினால் ஒருவர் மருத்துவமனைக்குப் போவார். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்து வரம்பு என்பதை எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சூழல் சாதகமாக இருந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 4 மணி நேரத்தில் 12 முறை. ஆயிரம் இருந்தது 40 லட்சம் ஆகிவிடும். மணத்திலும் ருசியிலும் ஒன்றும் தெரியாமலே இது நடக்கலாம்.

பெரும்பாலும் இடறும் இடம் சமைப்பதில் இல்லை, ஆற வைப்பதில். மதியம் 20 லிட்டர் சூப் மிஞ்சுகிறது. பாத்திரத்தோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். வெளிப்பக்கம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். போதாக்குறைக்கு அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் பாலையும் இறைச்சியையும் சூடாக்கும். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு இரண்டு கட்டமாகச் சொல்கிறது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. முதல் கட்டத்துக்குக் குறைந்த நேரம் கொடுத்ததற்குக் காரணம், அந்த வெப்பத்தில்தான் வளர்ச்சி மிக வேகம். செய்ய வேண்டியது இது: 530-க்கு 325 மில்லிமீட்டர் அளவுள்ள முழு ஜிஎன் தட்டில் (சமையலறைகளில் புழங்கும் நிலையான அளவுத் தட்டு) 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் ஏறக்குறைய 7.5 லிட்டர் பிடிக்கும். 20 லிட்டரை மூன்று தட்டில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறி, 21 டிகிரிக்குக் கீழே வந்தபின் மூடாமலோ தளர்வாக மூடியோ ஃபிரிட்ஜில் வைத்து, முழுதும் குளிர்ந்தபின் இறுக மூடி, தேதி ஒட்ட வேண்டும்.

சோறு இன்னும் கவனம் கேட்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். வடித்த சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. “எதற்கும் நன்றாகச் சூடு பண்ணிக்கொடு” என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடம் இது. அதேபோல, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெந்ததா என்று பார்க்கச் சரி. வெப்பம் பார்க்க அது உதவாது. பெரிய பாத்திரத்தில் ஓரம், நடு, அடி மூன்றும் மூன்று வெப்பம். கோழி இறைச்சியில் மிகத் தடித்த பாகத்தில், எலும்பைத் தொடாமல் கம்பி வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி பார்க்க வேண்டும். வெப்பமானியே சரியா என்று வாரம் ஒருமுறை சோதியுங்கள்: நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறி முக்கினால் 0 காட்ட வேண்டும்.

ஹாசப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறையைப் பாடமாகப் படிக்கும்போது அது காகித வேலையாகத் தோன்றும். 1960-களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது அது. உணவைச் செய்து முடித்தபின் சோதிப்பதென்றால், நிச்சயம் வேண்டுமானால் எல்லாவற்றையும் சோதித்தே தீர்த்துவிட வேண்டும். அதனால் வழியில் எந்தெந்த இடத்தில் ஆபத்து நுழையும் என்று பார்த்து அங்கேயே அளவு வைத்துத் தடுப்பது. உங்கள் ரெசிபி கார்டை எடுத்து, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் “இங்கே என்ன கெட்டுப்போகலாம்?” என்று எழுதினால் பாதி ஹாசப் முடிந்துவிடும். பாத்திரம் கழுவும் குளோரின் கரைசல் 50 முதல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் போதும், அதையும் சோதனைத் தாளால் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் பாத்திரத்தில் குளோரின் வீரியம் இழந்துவிடும் என்பதால்தான் முதலில் சோப்பில் கழுவி அலசச் சொல்கிறார்கள்.

பரிமாறும் வகுப்பில் தட்டு எடுப்பது, மேஜை அமைப்பது, கேஓடி (சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு) எழுதுவது எல்லாம் சில வாரத்தில் பழகிவிடும். ஒவ்வாமை மட்டும் விளையாட்டல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 பொருள்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பட்டியலில் 2023-இல் எள் சேர்ந்தபின் 9. விருந்தினர் சொன்னதைக் கேஓடியில் எழுதி, சமையலறையில் வாயாலும் சொல்லி, திரும்பச் சொல்லக் கேட்டு, தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியால் செய்து, அந்தத் தட்டை மட்டும் தனியாகக் கையில் எடுத்துப் போக வேண்டும். “கொட்டையை மேலிருந்து எடுத்துவிட்டேன்” என்பது ஏற்கத்தக்க பதில் இல்லை.

கேட்டரிங், அதாவது வெளியிடத்தில் விருந்து நடத்துவது, இத்தனையையும் ஒரே நாளில் சோதிக்கும் பாடம். அடிப்படை ஆவணம் ஃபங்ஷன் ஷீட்: எத்தனை பேர் என்று உறுதி செய்த எண், மெனு, பரிமாறும் முறை, நேரம், மேஜை அமைப்பு, மின்சாரம், தண்ணீர், யார் பொறுப்பு. நேரத்தைப் பின்னாலிருந்து எழுத வேண்டும். உணவு 8 மணிக்கு என்றால் 7.45-க்கு வரிசை தயார், 7.15-க்கு சூடான பெட்டி திறப்பு, 6 மணிக்கு வண்டி வந்து சேர வேண்டும் என்று பின்னோக்கிப் போனால் காலையில் எத்தனை மணிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும் என்பது வரை தெரிந்துவிடும். பஃபேயில் ஒரு பக்க வரிசையில் நிமிடத்துக்கு 4 பேர் நகர்ந்தால் 300 பேருக்கு 75 நிமிடம். கடைசி ஆள் பொறுமை இழந்திருப்பார். இருபக்கமும் எடுக்கும்படி இரண்டு மேஜை போட்டால் நான்கு வரிசை, 19 நிமிடத்தில் முடியும். தட்டில் வைத்துக் கொடுப்பதென்றால், ஒரு அணி 6 விநாடிக்கு ஒரு தட்டு முடித்தாலும் 300 தட்டுக்கு அரை மணி நேரம். இரண்டு அணி வேண்டும்.

வெளியிடத்தில் மிக எளிதில் மறப்பது மின்சாரம். 3 கிலோவாட் சூடாக்கி 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஒரே இணைப்பில் மூன்றைச் செருகினால் விளக்கோடு சேர்ந்து எல்லாம் அணையும். முந்தைய நாளே போய் எந்தப் பிளக் எந்த சர்க்யூட்டில் இருக்கிறது, லிஃப்ட்டின் கதவு அகலம் என்ன, அழுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். உணவுப் பெட்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெப்பம் குறிக்க வேண்டும். 60-க்குக் கீழே வந்தால் முடிவெடுக்க ஒருவர் பெயர் அந்தத் தாளில் முன்பே இருக்க வேண்டும்.

பயிற்சிக்காலம் பல கல்லூரிகளில் ஒரு செமஸ்டர் அளவுக்கு இருக்கும். அதில் வழக்கமாக நடப்பது, வேகமாக வேலை செய்யும் மாணவரை ஒரே பிரிவில் நிறுத்திவிடுவது. நான்கு மாதம் காய் நறுக்கிவிட்டு வந்தால் கை பழகும், படிப்பு பழகாது. எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதைக் கல்லூரி மூலமாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாவது ஸ்டோரிலும் சரக்கு இறக்கும் இடத்திலும் இருக்கக் கேளுங்கள். யாரும் விரும்பிப் போகாத இடம் அது. எடை, தரம், விலை, வெண்டரோடு பேசும் முறை நான்கும் அங்கேதான் கிடைக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நேரில் போய்ப் பாருங்கள். செய்முறை வகுப்பு நடக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஒரு அடுப்புக்கு எத்தனை மாணவர்? நான்கு பேருக்கு மேல் என்றால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். மேஜையில் தராசும் கம்பி வெப்பமானியும் இருக்கின்றனவா, அவை நிஜமாகப் பயன்பட்ட அடையாளம் தெரிகிறதா? வெளியாள்கள் காசு கொடுத்துச் சாப்பிடும் பயிற்சி உணவகம் இருக்கிறதா? இருந்தால் அதன் சென்ற மாத ஃபுட் காஸ்ட் என்ன என்று ஆசிரியரைக் கேளுங்கள். உடனே ஒரு எண்ணும் அதற்கான காரணமும் வந்தால் அங்கே கணக்கு கற்றுத் தருகிறார்கள் என்று அர்த்தம். பளபளக்கும் உபகரணங்களைவிட அந்தப் பதில் முக்கியம்.

கணிதம் பயமாக இருக்கிறது என்றால், மேலே வந்தது எல்லாம் சதவீதம், வகுத்தல், அலகு மாற்றம், அவ்வளவுதான். சேர்வதற்கு முன்பே வீட்டில் தொடங்கலாம். உங்களுக்கு நன்றாக வரும் ஒரு பண்டத்தை எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் உரிக்கும் முன்னும் பின்னும் எடை போடுங்கள். சமைத்து முடித்ததையும் எடை போட்டு, நான்கு சம போர்ஷனாகப் பிரித்து, ஒரு போர்ஷனின் செலவைக் கணக்கிடுங்கள். பிறகு அந்தத் தாளை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்காமல், வாய் திறக்காமல், அவரையே சமைக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நிறுத்தி அவர் உங்களைத் தேடுகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டு, அடுத்த வாரம் இன்னொருவரிடம் கொடுங்கள்.